கோலம், ஊருணி, வட்டி: செட்டிநாட்டுக் கல்லூரி மாணவர்கள் கணிதக் காணொலித் திட்டம் நடத்துவதற்கு முழுமையான வழிகாட்டி

கணிதம் படிக்கிறவர்களும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிறவர்களும் ஒரே பேருந்தில் கல்லூரிக்கு வருவார்கள். சேர்ந்து ஒரு வேலை செய்வது மட்டும் அபூர்வம். இந்த இரண்டு கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்குப் போய், அங்குள்ள பிள்ளைகளோடு சேர்ந்து கணக்கை வீடியோவாக எடுக்கும் ஒரு திட்டத்தை எப்படி நடத்துவது என்பதுதான் இங்கே சொல்லப்போவது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் படிக்கிற இளங்கலை, முதுகலை மாணவர்களையும் அவர்களுக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வேறு ஊர்க்காரர்கள் இடப்பெயர்களை மாற்றிக்கொள்ளலாம், கணக்கு மாறாது.

இந்த மண்ணுக்குக் கணிதத்தோடு பழைய உறவு உண்டு. காரைக்குடியில் 1947-ல் கலைக் கல்லூரியைத் தொடங்கிய அழகப்பச் செட்டியார், 1950-ல் சென்னையில் இராமானுஜன் பெயரில் ஒரு கணித ஆய்வு நிலையத்தையும் சொந்தப் பணத்தில் தொடங்கினார். இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஹார்டியிடம் படித்த தி. விஜயராகவன் அதன் முதல் இயக்குநர். 1957-ல் செட்டியார் காலமான பிறகு அதைச் சென்னைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. ஊரில் எல்லோரும் சிக்ரி என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நிலமும் பணமும் கொடுத்தவரும் அவரே. ஆக, அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வு நடக்கிறது. வெளியே ஒவ்வொரு வாசலிலும் கோலம் இருக்கிறது. நடுவில் ஒரு பாலம் போட ஆள்தான் தேவை.

படி 1: ஆட்களைச் சேர்ப்பது

முதல் ஆண்டில் எட்டிலிருந்து பத்துப் பேர் போதும். நாற்பது பேர் பெயர் கொடுப்பார்கள். சான்றிதழ் உண்டா என்பதுதான் அவர்களின் முதல் கேள்வியாக இருக்கும். தவறில்லை. ஆனால் அந்த நாற்பது பேரையும் வேனில் ஏற்றினால் பள்ளிக்கூடத்தில் கூட்டம்தான் சேரும், வேலை நடக்காது.

பாதிப் பேர் கணிதம், பாதிப் பேர் ஊடகம். விஸ்காம் துறை இல்லாத கல்லூரி என்றால் கவலை வேண்டாம். கல்யாண வீட்டு ரீல்ஸ் எடுத்து எடிட் செய்கிற ஒரு தமிழ்த்துறை மாணவரோ வணிகவியல் மாணவரோ எல்லாக் கல்லூரியிலும் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். கோலம் போடத் தெரிந்த ஒருவர் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும். வெளியிலிருந்து பாராட்டுகிறவர் வேண்டாம், கையில் மாவெடுத்துப் போடுகிறவர் வேண்டும்.

பொறுப்பைப் பிரிக்கும்போது ஒரு விதியை முதல் நாளே ஒப்புக்கொள்ளுங்கள். வீடியோவில் வரும் ஒவ்வொரு கணிதக் கூற்றுக்கும் கணிதத் துறை மாணவர் ஒருவர் பொறுப்பு. அவர் சரியென்று சொல்லாமல் எதுவும் வெளியே போகாது. எந்த ஷாட் இருக்கும், எது போகும் என்பதில் எடிட்டர் சொல்வதுதான் முடிவு. கணக்குக்காரர் எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்து தன் மூன்று நிமிட நிரூபணத்தை வெட்டக் கூடாது என்று அடம்பிடிப்பதும், எடிட்டர் அழகுக்காக ஒரு வரியை விட்டுவிட்டு நிரூபணத்தையே உடைப்பதும் இந்த விதி இல்லாத இடங்களில் நடப்பவை.

படி 2: கேள்வியைப் பிடிப்பது

திட்டத்தின் முக்கால்வாசி உயிர் இந்தப் படியில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இதுபோன்ற திட்டங்களில் பெரும்பாலானவை கேமராவிலிருந்து தொடங்குகின்றன. நல்ல கேமரா, ட்ரோன் ஷாட், கானாடுகாத்தான் மாளிகை, பின்னணியில் வீணை. கடைசியில் "இதெல்லாம் கணிதம்தான்" என்று ஒரு குரல். பார்க்க நன்றாக இருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் செய்வதற்கு எதுவும் இருக்காது. நல்ல கேள்விக்கு மூன்று இலக்கணம் சொல்வேன்: பிள்ளை கையால் செய்து பார்க்க முடிய வேண்டும், விடை ஒரு எண்ணாகவோ ஒரு விதியாகவோ வர வேண்டும், அந்த விதி ஏன் உண்மை என்று கேட்டால் கல்லூரி மாணவருக்கே கொஞ்சம் வியர்க்க வேண்டும். செட்டிநாட்டில் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. நான்கு சொல்கிறேன்.

*சிக்குக் கோலத்தில் எத்தனைக் கம்பி?* நேர்ப்புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைந்து, அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவில் தன்னையே வெட்டிக்கொண்டு, ஓரத்தில் திரும்பி வரும் எளிய சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2 வரிசையில் 3 புள்ளி வைத்துப் போட்டால் ஒரே கம்பியில், அதாவது தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் ஒரே கோட்டில், முடிந்துவிடும். 2-க்கு 2 வைத்தால் இரண்டு தனித்தனிக் கம்பி. 3-க்கு 5, ஒன்று. 3-க்கு 6, மூன்று. 4-க்கு 6, இரண்டு. பிள்ளைகளிடம் விதியைச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நிறச் சாக்பீஸ் கொடுத்து, தரையில் போட்டு, அட்டவணை எழுதச் சொல்லுங்கள். பத்து அளவுகளைப் போடுவதற்குள் யாராவது ஒரு பாப்பா "மீ.பொ.வ. சார்!" என்று கத்திவிடும். அவ்வளவுதான்: கம்பிகளின் எண்ணிக்கை அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி.

ஏன்? கேரம்போர்டில் 45 பாகையில் அடித்த காய் ஓரங்களில் பட்டுப் பட்டுத் திரும்புவதைப் போலத்தான் கம்பி ஓடுகிறது. 4-க்கு 6 கோலத்தில், கிடைமட்டமாகப் போய்த் திரும்ப 12 கட்டம், செங்குத்தாகப் போய்த் திரும்ப 8 கட்டம். இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கிய இடத்துக்கு வர 24 கட்டம் ஆகும். அதாவது 4, 6 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12-ன் இரு மடங்கு. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் அரைக்கட்ட அளவில் நான்கு துண்டுகள், ஆக ஒரு புள்ளிக்கு 2 கட்டம். 24 புள்ளிக்கு 48. ஒரு கம்பி 24 கட்டம் தின்றால் 48-க்கு இரண்டு கம்பி. இரண்டு எண்களின் பெருக்கற்பலன், அவற்றின் மீ.பொ.வ., மீ.சி.ம. பெருக்கற்பலனுக்குச் சமம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த வரிதான் இது. இங்கே அது தரையில் கிடக்கிறது.

இதற்கு மேலே போக விரும்பும் முதுகலை மாணவர்களுக்கும் பாதை இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களிலேயே கோலங்களைப் படவடிவ இலக்கணங்களாக, அதாவது படத்தைப் படிப்படியாக உருவாக்கும் விதிகளாக, எழுதி ஆய்வு செய்தார்கள். கணிப்பொறி அறிவியலில் அது இன்றும் மேற்கோள் காட்டப்படும் வேலை. ஒரு பைத்தான் நிரலில் எந்த அளவுக்கும் கோலம் வரையும்படி எழுதுவது நல்ல செமஸ்டர் புராஜெக்ட்.

செட்டிநாட்டு வீடுகளில் விசேஷங்களுக்கு அரைத்த மாவில் போடும் நடுவீட்டுக் கோலம் வேறு வகை. அதைப் புள்ளிக் கணக்கில் திணிக்க வேண்டாம். சமச்சீர் பற்றிப் பேச அது உதவும். போடத் தெரிந்த ஆச்சி ஒருவரை உட்காரவைத்து, போடும் வரிசையை மேலிருந்து ஒரே ஷாட்டில் எடுத்து வையுங்கள். எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறார் என்பதே ஒரு தரவு.

*ஒரு ஆத்தங்குடிக் கல்லை எத்தனை விதமாகப் பதிக்கலாம்?* ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சு வைத்து, நிறச் சிமென்ட் கலவையைக் குழி குழியாக ஊற்றி, அச்சை எடுத்து, மேலே மணலும் சிமென்டும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். மினுமினுப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது. பல அச்சுகளில் ஒரு கல்லில் கால்வாசிப் பூதான் இருக்கும். நான்கு கல் சேர்ந்தால் முழுப் பூ.

அப்படி ஒரு கல்லை நான்கு திசையில் திருப்பி வைக்கலாம். 2-க்கு 2 சதுரத்தில் நான்கு கல் பதிக்க 4×4×4×4, அதாவது 256 வழி. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் சதுரத்தை மொத்தமாகத் திருப்பினால் ஒன்றாகிவிடும் அமைப்புகளை ஒன்றாகவே எண்ணினால்? ஒவ்வொரு திருப்பலிலும் மாறாதவற்றை எண்ணிச் சராசரி எடுக்கச் சொல்லும் பர்ன்சைடு துணைத்தேற்றப்படி, திருப்பாமல் 256, கால் சுற்றில் மாறாதவை 4, அரைச் சுற்றில் 16, முக்கால் சுற்றில் 4. கூட்டி நான்கால் வகுத்தால் 70. எம்.எஸ்ஸி.யில் குலக் கோட்பாடு படித்துவிட்டு "இது எதுக்கு சார்" என்று கேட்டவருக்கு இது பதில். அட்டையில் கல் வடிவத்தை அச்சடித்து வெட்டிக் கொடுத்தால் பள்ளிப் பிள்ளைகள் அந்த 70-ல் எத்தனையைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வைக்கலாம். தளம் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து நிரம்பும் வடிவங்கள் சமச்சீர் அடிப்படையில் மொத்தம் 17 வகைதான் என்று 1891-ல் ரஷ்யப் படிகவியலாளர் ஃபெடரோவ் நிறுவினார். ஊரிலுள்ள தளங்களைப் படம் பிடித்து அவற்றில் எத்தனை வகை நம்மிடம் இருக்கின்றன என்று பட்டியல் போடுவது ஓராண்டுக்கான வேலை.

*ஊருணியில் எவ்வளவு தண்ணீர்?* ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்த ஒரு வரி தெரிந்தால் போதும். முதலில் வீட்டிலிருந்து தொடங்கலாம். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றி உள்நோக்கிச் சரிந்த ஓட்டுக் கூரை மூடும் தரைப்பரப்பு 400 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 40 மி.மீ. பெய்கிற ஐப்பசி நாளில் முற்றத்தில் விழுவது 16,000 லிட்டர். ஓட்டில் உறிஞ்சுவதும் தெறிப்பதும் போக எவ்வளவு என்று கழிப்பது அடுத்த கேள்வி. ஊருணியை எடுத்தால் பத்தாம் வகுப்பு இடைக்கண்டம், அதாவது முனை வெட்டப்பட்ட வடிவம், வந்துவிடும். மேலே 60-க்கு 60 மீட்டர், அடியில் 50-க்கு 50, ஆழம் 3 மீட்டர் என்றால் கொள்ளளவு 9,100 கன மீட்டர், அதாவது 91 லட்சம் லிட்டர். உண்மையான ஊருணி இப்படி ஒழுங்காக இருக்காது. அங்கேதான் பயன்பாட்டுக் கணிதம் தொடங்குகிறது. கயிறு பிடித்துக் குறுக்குவெட்டு அளந்து, கொள்ளளவைத் தோராயமாகக் கணிக்கும் சிம்ப்சன் விதி போடலாம். ஒன்றே ஒன்று: தண்ணீர் இருக்கும் ஊருணியில் பிள்ளைகளை இறக்கவே கூடாது. கோடையில் வற்றியபோது அளந்துகொள்ளுங்கள். சில ஊர்களில் குடிதண்ணீர் ஊருணியில் செருப்புக் காலோடு இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

*இந்தக் கடனுக்கு உண்மையில் எவ்வளவு வட்டி?* பர்மா, இலங்கை, மலேயா வரை வட்டித் தொழில் நடத்திய ஊர். ஆனாலும் இன்றைக்கு இங்குள்ள பிளஸ் டூ மாணவர் கைப்பேசியில் வரும் கடன் செயலியின் கணக்கு அவருக்குப் புரிவதில்லை. "ஒரு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீதம் என்பது வீட்டில் தெரியும். அதே 12 சதவீதத்தை 'ஃபிளாட்' வட்டியாகப் போட்டு 10,000 ரூபாய்க்கு மாதம் 933 ரூபாய் வீதம் 12 தவணை கட்டச் சொன்னால்? அசல் மாதாமாதம் குறைகிறது, வட்டி மட்டும் முழு அசலுக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஆண்டுக்குச் சுமார் 21.5 சதவீதம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. இந்த விகிதத்தை நேரடிச் சூத்திரத்தால் பெற முடியாது. படிப்படியாக விடையை நெருங்கும் நியூட்டன்-ராஃப்சன் முறையிலோ விரிதாளில் தேடியோதான் பிடிக்க வேண்டும். எண்முறைப் பகுப்பாய்வு பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பணம் இரட்டிப்பாகும் காலத்துக்கு 72-ஐ வட்டி விகிதத்தால் வகுக்கும் குறுக்குவழியையும் சோதியுங்கள்: இரண்டு வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதக் கூட்டு வட்டிக்கு, அது 3 ஆண்டு என்று சொல்லும். உண்மையில் கிட்டத்தட்ட மூன்றேகால் ஆண்டு ஆகும். குறுக்குவழி எங்கே வழுக்குகிறது என்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

வட்டிக் கேள்வியை எடுத்தால் வகுப்பில் "உங்க வீட்டில் கடன் இருக்கா?" என்று யாரும் கேட்கக் கூடாது. கற்பனைக் குடும்பம், கற்பனைத் தொகை போதும். பலருடைய வீட்டில் அது ஆறாத புண்.

முதல் ஆண்டில் இந்த நான்கில் ஒன்று மட்டும். என்னைக் கேட்டால் கோலம். செலவில்லை, எல்லாப் பிள்ளைக்கும் கை போகும், விடை அன்றைக்கே கிடைக்கும்.

படி 3: அனுமதி

துறைத் தலைவர் கையெழுத்துடன் ஒரு பக்கக் கடிதம் தயாரியுங்கள்: எந்த வகுப்பு, எத்தனை மணி நேரம், என்ன செய்வோம், வீடியோவில் பிள்ளைகள் வருவார்களா. நாட்டு நலப்பணித் திட்டக் குழு வழியாகப் போனால் பாதி வேலை எளிது. பள்ளிகளுக்கு அவர்களைத் தெரியும். அரசுப் பள்ளி என்றால் கடிதம் தலைமையாசிரியரோடு நிற்காது, முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் கிடப்பதால், பள்ளி எந்த மாவட்டம் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பிள்ளைகளின் முகம், குரல் பதிவாகும் என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தையாகவே கணக்கிடுகிறது. படிவம் எளிய தமிழில், அரைப் பக்கத்துக்குள் இருக்கட்டும். ஒப்புதல் தராத வீட்டுப் பிள்ளையை ஓரமாக உட்காரவைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கையை மட்டும் எடுக்கும் ஷாட்டுகளைத் திட்டமிட்டால் எல்லோரும் பங்கேற்கலாம். உண்மையில் கோல வீடியோவுக்கு முகமே தேவையில்லை.

பெரிய வீட்டுக்குள் படம் எடுக்க ஆசைப்படுவீர்கள். அந்த வீடுகளுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். காவல்காரர் கதவைத் திறந்துவிட்டதை அனுமதி என்று எண்ணாதீர்கள். வீட்டுப் பொறுப்பைப் பார்க்கிற பங்குதாரர் யாரென்று விசாரித்து, மற்றவர்களுக்கும் தெரியப்படுத்தச் சொல்லி, எழுதி வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் பள்ளி வராந்தாவிலேயே எடுங்கள்.

ஆத்தங்குடிப் பட்டறைக்குப் போனால், அங்கே வேலை செய்கிறவர்களின் நேரம் காசு என்பதை மறக்க வேண்டாம். அவர்களை நிறுத்தி, திரும்பச் செய்யச் சொல்லி எடுத்தால் அந்த நேரத்துக்குப் பணம் கொடுங்கள். கோலம் போட வரும் ஆச்சிக்கும் அப்படித்தான். வெற்றிலை பாக்கோடு ஒரு தொகை. பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புவது மரியாதைபோலத் தெரியும்; எனக்கு உடன்பாடில்லை.

படி 4: நாட்களைக் குறிப்பது

சுருக்கமாக: ஜூலை, ஆகஸ்ட் நல்லது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, திடீர் விடுமுறைகள். இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 தேசியக் கணித நாள். ஆனால் அந்த வாரத்தில் பள்ளிகளில் பொதுவாக அரையாண்டுத் தேர்வு நடக்கும். எனவே அன்று பட்டறை வைக்காமல், முடித்த வீடியோவை வெளியிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு ஜனவரிக் கடைசி வரை இன்னொரு வாய்ப்பு. அதற்குப் பிறகு பொதுத்தேர்வுக் காய்ச்சல். யாரும் உங்களை உள்ளே விட மாட்டார்கள், விடவும் கூடாது. மார்கழியில் வாசல்தோறும் பெரிய கோலம் இருக்கும் என்பதால் விடுமுறைக் காலைகளில் குழு மட்டும் போய்த் தெருக்களில் படமெடுத்து வரலாம். வெயில் ஏறும் முன், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு.

படி 5: பள்ளியில் அந்த நாட்கள்

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்காதீர்கள். இரண்டு அரை நாள், நடுவில் ஒரு வாரம் இடைவெளி. முதல் நாளில் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம். கேமராவைப் பார்த்ததும் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டுத் தலை சீவப் போய்விடுவார்கள்.

முதல் நாள்: எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பு, முப்பது பேர், ஐந்து பேர் கொண்ட ஆறு குழு. ஒவ்வொரு குழுவோடும் ஒரு கல்லூரி மாணவர். "அண்ணா", "அக்கா" என்று கூப்பிடட்டும். "சார்" என்றால் வாய் மூடிக்கொள்ளும். சாக்பீஸ் கொடுத்துக் கோலம் போடச் சொல்லுங்கள். வழக்கமாக நடப்பது என்னவென்றால், கணக்கில் பின்தங்கியவள் என்று பெயரெடுத்த பெண் கோலத்தில் முன்னால் வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். பையன்கள் கொஞ்ச நேரம் கூச்சப்படுவார்கள், நிறச் சாக்பீஸ் கைக்கு வந்ததும் சரியாகிவிடும். அட்டவணையைப் பிள்ளைகளே எழுத வேண்டும். விதியை யாராவது கண்டுபிடித்தால் உடனே ஆமோதிக்க வேண்டாம். "7-க்கு 5 போட்டால் எத்தனை வரும்? முதலில் சொல்லு, அப்புறம் போட்டுப் பார்" என்று கேளுங்கள். முன்கூட்டிச் சொல்லிச் சரிபார்ப்பதுதான் அந்த நாளின் உச்சம். தப்பாகப் போட்டதால் விதி பொய்த்துப்போன குழு ஒன்று இருக்கும். அதை மூடி மறைக்காமல் எல்லோரையும் அழைத்து எங்கே கம்பி வழி மாறியது என்று தேடவிடுங்கள்.

இடைப்பட்ட வாரத்தில் பிள்ளைகளுக்கு ஒரே வேலை: வீட்டில் அம்மாவிடமோ அப்பத்தாவிடமோ ஒரு புதுக் கோலம் கேட்டு, புள்ளிக் கணக்கோடு நோட்டில் வரைந்துவர வேண்டும்.

இரண்டாம் நாள் கேமரா. யார் பேசுவது என்று வரும்போது அழகாகப் பேசும் ஒரு பிள்ளையை ஆசிரியர் முன்னால் தள்ளுவார். அந்தப் பிள்ளை பேசட்டும், கூடவே விதியைக் கண்டுபிடித்த பிள்ளையும் பேசட்டும். எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். "உன் தம்பிக்கு எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். அவர்கள் பேச்சுத் தமிழ் அப்படியே வரட்டும். கைப்பேசியையும் முக்காலியையும் அவர்கள் கையிலேயே கொடுத்து, எந்தக் கோணம் என்று அவர்களையே தீர்மானிக்கவிட்டால் சில ஷாட் ஆடும், சாயும். பயன்படுத்தக்கூடிய அளவுக்கு நல்லவை போதுமான அளவு கிடைத்துவிடும்.

படி 6: எடுப்பதும் வெட்டுவதும்

கருவிக்கு அலைய வேண்டாம். சுமாரான கைப்பேசி, முக்காலி, கம்பியுள்ள காலர் மைக், மேலிருந்து எடுக்க ஒரு குறுக்குக் கம்பி. வகுப்பறை டியூப்லைட்டில் படம் பட்டை பட்டையாக ஓடினால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று வையுங்கள், நின்றுவிடும். கல் தரையும் உயர்ந்த கூரையும் உள்ள வளவில் குரல் எதிரொலிக்கும். காட்சியை அங்கே எடுத்துவிட்டு, பின்னணிக் குரலைத் துணிமணி நிறைந்த சின்ன அறையில் பதியுங்கள்.

அசைபடத்துக்கு மேனிம் என்ற பைத்தான் நூலகம் இலவசம். கணித வீடியோக்களுக்கென்றே உருவானது. அதில் தமிழ் எழுத ஒரு நுட்பம் உண்டு. சூத்திரங்களுக்கான லேட்டெக் வகையில் தமிழைப் போட்டால், இயல்பு அமைப்பில் பிழை வரும் அல்லது எழுத்தே வராது. சாதாரண எழுத்துக்கான வகை, எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் பேங்கோ என்ற நூலகம் வழியாகப் போவதால், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் குறிப்பிட்டால் கொம்பும் காலும் சரியாக விழும். ஆனால் ஒவ்வொரு எழுத்தாக நிறம் மாற்றவோ நகர்த்தவோ முயன்றால் உயிர்மெய்க் குறிகள் தனித்துண்டாகப் பிரிந்து வேறொன்று நகரும். தமிழில் சொல் சொல்லாக அசையுங்கள். பைத்தான் பக்கமே போகாதவர்களுக்கு ஜியோஜிப்ரா போதும்; திரையைப் பதிவு செய்துகொள்ளலாம். எடிட்டிங்குக்கு கேடென்லைவ், ஒலிக்கு ஆடாசிட்டி. எல்லாம் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

நீளம்: மூன்றிலிருந்து நான்கு நிமிடம் ஒரு கிடைமட்ட வீடியோ, அதிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் ஒரு செங்குத்து வெட்டு. செங்குத்து வெட்டில் கேள்வி மட்டும் இருக்கட்டும், விடை வேண்டாம். "4-க்கு 6 புள்ளியில் எத்தனைக் கம்பி? போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்." விடையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் யாரும் மாவைத் தொட மாட்டார்கள்.

கலைச்சொற்களுக்குப் பிள்ளைகளின் பாடநூலில் என்ன இருக்கிறதோ அதையே திரையில் போடுங்கள். தமிழ்த் துணைவரி கட்டாயம். தானாக வரும் துணைவரி கணக்குச் சொற்களில் தடுமாறும் என்பதால் ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். பின்னணி இசை கணக்கு விளக்கும் இடத்தில் நிற்க வேண்டும். இதில் எடிட்டர்களோடு சண்டை வரும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 7: சரிபார்த்து வெளியிடுவது

இறுதி வெட்டை இரண்டு பேரிடம் காட்டுங்கள். ஒருவர் திட்டத்தில் இல்லாத கணிதப் பேராசிரியர், பிழை பிடிக்க. இன்னொருவர் கணக்கே பிடிக்காத பத்தாம் வகுப்பு மாணவர். எந்த நொடியில் கவனம் போகிறது என்று பார்க்க. அவர் கண் திரையை விட்டு விலகும் இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே வெட்டுங்கள். பேராசிரியர் சொல்வதையும் மாணவர் காட்டுவதையும் ஒன்றாகச் சமாளிக்க முடியாமல் திணறுவீர்கள். அந்தத் திணறல்தான் இந்தத் திட்டத்தில் கல்லூரி மாணவருக்குக் கிடைக்கும் உண்மையான படிப்பு.

முதலில் பள்ளியில் திரையிடுங்கள், அதன் பிறகு இணையம். பெரும்பாலான அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. காலை வணக்கக் கூட்டத்துக்கு அடுத்த பாடவேளையைக் கேளுங்கள். பிள்ளைகள் தங்கள் பெயரைத் திரையில் பார்க்க வேண்டும். வீட்டில் வேண்டாமென்று சொன்னவர்களுக்குக் குழுவின் பெயர் போதும். இணையத்தில் போடும்போது பள்ளிச் சீருடை, பெயர்ப்பட்டை, வீட்டு முகவரி எதுவும் தெரியாதபடி இன்னொரு முறை பாருங்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமத்தில் வெளியிட்டால் மற்ற பள்ளி ஆசிரியர்கள் தயங்காமல் வகுப்பில் ஓட்டுவார்கள்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அளவுகோலாக வைத்தால் ஏமாறுவீர்கள். நான்கு வாரம் கழித்து அதே வகுப்புக்குப் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: "9-க்கு 12 கோலத்தில் எத்தனைக் கம்பி, ஏன்?" மூன்று என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள், ஏன் என்பதற்கு எத்தனை பேர் ஏதாவது எழுதுகிறார்கள் என்று எண்ணுங்கள். இரண்டாவது எண் சின்னதாகத்தான் இருக்கும். அதை அப்படியே அறிக்கையில் எழுதுங்கள்.

படி 8: பணமும் கைமாற்றமும்

செலவு அதிகமில்லை: பேருந்து அல்லது வேன், சாக்பீஸ், அட்டை, மைக், பிள்ளைகளுக்கு ஒரு தேநீரும் வடையும், கலைஞர்களுக்கான தொகை. நாட்டு நலப்பணித் திட்டம், துறை நிதி, பழைய மாணவர் சங்கம் என்ற வரிசையில் கேளுங்கள். ஊர்ப் பெரியவர்கள் கொடுக்க முன்வருவார்கள், இங்கே கல்விக்குக் கொடுப்பது பழக்கம்தான். வாங்கினால் ரசீது கொடுங்கள். வீடியோவில் அவர் பேசும் ஐந்து நிமிடத்தைச் சேர்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள். கடைசியில் ஒரு வரி நன்றி போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இறுதியாண்டு மாணவர்கள் போனதும் இத்தகைய திட்டங்கள் படுத்துவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு கடவுச்சொல். சேனல் ஒருவருடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கும். அவர் வேலைக்குப் போய்விடுவார், அத்தோடு சரி. துறையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, சேனலை அதில் வையுங்கள். எடிட் செய்த கோப்பு, மூலக் காட்சிகள், மேனிம் நிரல், ஒப்புதல் படிவங்கள் ஆகியவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, ஒன்றைத் துறை அலமாரியில் வைத்துவிட்டு, இன்னொன்றைப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் குறைந்தது மூவர் ஒவ்வொரு படியிலும் கூட இருந்திருக்க வேண்டும். மார்ச் மாதத்துக்குள் அவர்களே அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுத்துப் பள்ளிக்கான கடிதத்தை எழுதிவைத்துவிட்டால், ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே தலைமையாசிரியர் மேசையில் அது இருக்கும். ஊருணிக் கேள்வி என்றால் மட்டும் ஜூன் வரை காத்திருக்காதீர்கள். தண்ணீர் வற்றியிருக்கும் மே மாதத்திலேயே கயிறும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு கல்லூரிக் குழு அளந்துவிட வேண்டும்.